தலை சாய்த்த சாமியைத் தேடி: வேலூருக்குப் புதியவர்களுக்கு ஒரு நாள் வழி

வேலூருக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் வைத்தியத்துக்காக வருகிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவர் பார்க்கும் தேதிக்கும் நடுவே ஒரு முழு நாள் கையில் நிற்கும். விடுதி அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த நாளைக் கழிப்பது எவ்வளவு கனம் என்று துணைக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும். வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்து சேர்ந்தவர்களுக்கும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அந்த ஒரு நாளில் சிவபெருமானின் மூன்று கோயில்களுக்குப் போய்வரும் வழியைச் சொல்கிறேன்.

தரிசனம் எங்கும் கிடைக்கும். இந்தப் பக்கத்துக் கதைகளில் சிவன் கைலாயத்தில் உட்கார்ந்துகொண்டு வரம் தருகிறவராக வருவதில்லை. எட்டாத சிறுவனுக்காகத் தலையைச் சாய்க்கிறார். பயந்த வணிகனோடு காட்டு வழியில் கூட நடக்கிறார். தண்ணீர் சுமக்கும் குருக்களுக்காகத் தன் காளையையே அனுப்புகிறார். ஒவ்வொரு கதைக்கும் அந்தந்தக் கோயிலில் ஒரு சாட்சி இருக்கிறது. கதை தெரியாதவர் அந்தச் சாட்சியைக் கடந்து போய்விடுவார். அதனால்தான் வழியையும் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முந்தின நாள் இரவு

கதையை முதலில் உங்கள் வாயால் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். குழந்தைகள் உடன் வருவதாக இருந்தால் அவர்களுக்கு. இல்லையென்றால் அறையில் இருக்கும் நோயாளிக்கு. அவரால் வர முடியாது, கதையாவது கேட்கட்டும். நான் விரிஞ்சிபுரம் போவதற்கு முன்பே அந்தக் கோயிலை அறிந்திருந்தேன் என்றால், என் ஆயா, அதாவது என் பாட்டி, அடுப்படியில் உட்கார்ந்து சொன்ன கதையால்தான்.

ஒரே கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பெரிய புராணத்தில் வரும் அடியார் கதைகளுக்கு நூல் இருக்கிறது. தல புராணத்தை அந்தந்தக் கோயிலார் சொல்வார்கள். ஊர் மக்கள் வாயில் இருப்பது மூன்றாவது வகை. பூக்கடைக்கார அம்மா சொல்வதும் குருக்கள் சொல்வதும் வேறாக இருந்தால் எது சரி என்று வழக்காடாதீர்கள். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகம் இல்லை. தண்ணீர், ஒரு துண்டு, சில்லறை. ஆண்கள் வேட்டி கட்டிக்கொண்டால் வசதி. வேலூர் வெயிலை மட்டும் எளிதாக நினைக்காதீர்கள். சித்திரை வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் வெளிப் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பொதுவாகப் பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதால், கோட்டைக்கும் விரிஞ்சிபுரத்துக்கும் காலையையும், திருவலத்துக்கு மாலையையும் ஒதுக்குங்கள்.

காலையில் கோட்டை

பழைய பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். ஆறரை, ஏழு மணிக்கெல்லாம் அகழிப் பாலத்தைக் கடந்துவிடுங்கள். அந்த நேரத்தில் அகழி நீரில் மதில் தலைகீழாக நிற்கும். பாலத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். உள்ளே இருக்கும் சாமியின் பெயருக்கும் தண்ணீருக்கும் உறவு உண்டு.

ஜலகண்டேசுவரர் என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதைகள் பல. அவற்றில் பொதுவாக இருப்பது இதுதான்: கவனிப்பாரற்று, மழைநீர் சூழ்ந்த புற்றின் நடுவே ஒரு லிங்கம் கிடந்தது. பொம்மி என்ற தலைவனின் கனவில் சிவன் தோன்றி, தனக்கு அங்கே கோயில் எழுப்பச் சொன்னார். நீரின் நடுவே கண்டெடுத்தவர் என்பதால் அந்தப் பெயர். இன்று நாம் காணும் கோட்டையும் கோயிலும் 16ஆம் நூற்றாண்டின் விஜயநகர, நாயக்கர் காலத்தவை. உள்ளே நுழைந்ததும் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரை வீரர்களையும் நிதானமாகப் பாருங்கள். கழுத்து வலித்தாலும் கூரையையும் பாருங்கள்.

இந்தக் கோயிலில் பழங்கதையைவிட என்னை அதிகம் உருக்குவது நம் காலத்துக் கதை. எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு வாசகம் சொல்வதுண்டு: சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. நெடுங்காலம் கருவறை வெறுமையாகவே இருந்தது. கோயில் போர்க்காலங்களில் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டது. பிறகு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பார்வையிடும் இடமாக நின்றது. லிங்கமோ வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16 அன்று அந்த லிங்கத்தைக் கோட்டைக்குக் கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். அன்றைய தினத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். காலைப் பூசைக்கு வருகிற முதியவர் யாராவது பேசத் தயாராக இருந்தால், அந்த நாளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். கண்ணப்பர் கதை எப்போதோ நடந்தது, இது என் பெற்றோர் காலத்தில் நடந்தது.

வாசகத்தின் மற்றப் பாதியும் 2021 நவம்பரில் பொய்த்தது. பாலாற்றில் அந்த மழைக்குக் கரை புரண்டு வெள்ளம் வந்தது. வெள்ளத்தால் பலர் துன்பப்பட்டார்கள், அதை மறக்க முடியாது. ஆனாலும் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கரையில் நின்று ஆற்றைப் பார்த்த பார்வை என் நினைவில் நிற்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கே தங்க வேண்டாம். அடுத்த ஊர்தான் இந்த நாளின் மையம்.

விரிஞ்சிபுரம்

வேலூரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 15 கி.மீ. பள்ளிகொண்டா, ஆம்பூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, நடத்துநரிடம் செதுவாலை நிறுத்தம் என்று சொல்லுங்கள். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது என்பதால் ஏறும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. செதுவாலையில் இறங்கினால் பாலாற்றங்கரைப் பக்கமாக உள்ளே சிறிது தூரம். ஆட்டோ கிடைக்கும். ஊருக்குள்ளேயே போகும் டவுன் பஸ் அமைந்தால் இன்னும் எளிது.

முதலில் கண்ணில் படுவது மதில். விரிஞ்சிபுரம் மதிலழகு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை ஒரு முறை வெளியிலிருந்து முழுதாகப் பார்த்துவிட்டு வாசலுக்கு வாருங்கள்.

இங்கே சாமியின் பெயர் மார்க்கபந்தீசுவரர். தமிழில் வழித்துணைநாதர். அம்மன் மரகதாம்பிகை. விரிஞ்சன் என்றால் பிரமன், ஊர்ப் பெயரே கதையின் தலைப்பு.

கதை திருவண்ணாமலையில் தொடங்குகிறது. அடிமுடி தேடிய படலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடியைக் காணாத பிரமன், தாழம்பூவைச் சாட்சி வைத்துக் கண்டதாகப் பொய் சொன்னான், சாபம் பெற்றான். பலருக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும். எங்களுக்கு முடிவதில்லை. சாபத்தைக் கழிக்கப் பிரமன் இந்த ஊரில், கோயில் குருக்கள் வீட்டில், சிவசர்மன் என்ற பிள்ளையாகப் பிறந்தான். பிள்ளை சிறியவனாக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட்டார். பூசை முறை அந்த வீட்டுக்கு வரும் நாள் நெருங்கியது. சொந்தக்காரர்களே கோயில் உரிமையையும் சொத்தையும் பறிக்கப் பார்த்தார்கள். உபநயனம்கூட ஆகாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? வழித்துணைநாதரிடம் அழுதாள். கனவில் வந்து, மகனை நாளைக்குத் தீர்த்தத்தில் நீராட்டி வை என்றார். மறுநாள் ஒரு கிழவராக வந்து, சிறுவனுக்குப் பூணூலும் தீட்சையும் தானே கொடுத்து மறைந்தார். அன்று கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு கருவறைக்குள் போனான். லிங்கம் உயரம். அவனோ சிறியவன். குடத்தை எவ்வளவு தூக்கியும் லிங்கத்தின் தலை எட்டவில்லை. எட்டவில்லையே சாமி என்று கலங்கி நின்றான். லிங்கம் தலையைச் சாய்த்தது. பிள்ளை அபிஷேகம் செய்தான்.

அண்ணாமலையில் அன்னமாகப் பறந்தும் பார்க்க முடியாத முடி அது. இங்கே அதே பிரமன் குழந்தையாகி, முடியாமல் அழுதபோது அந்த முடி தானே இறங்கி வந்தது. ஆயா இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். மேலே விளக்கம் சொன்னதே இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: கருவறைக்கு முன்னால் வந்ததும் கண்ணை மூடி வேண்டிக்கொள்வதற்கு முன் கண்ணைத் திறந்து லிங்கத்தைப் பாருங்கள். அது நேராக நிற்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அலங்காரத்தில் வஸ்திரமும் மாலையும் இருந்தால் சட்டென்று தெரியாது. கூட்டம் இல்லாத நேரத்தில் குருக்களிடம் பணிவாகக் கேட்டால், தீபத்தை உயர்த்திக் காட்டுவார்கள். அந்த வெளிச்சத்தில் சாய்வு தெரியும். சின்னக் குழந்தை உடன் இருந்தால் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டுங்கள்.

வழித்துணை என்ற பெயருக்கு வேறு ஒரு கதை. மிளகு வணிகர் ஒருவர் மேற்கிலிருந்து மூட்டைகளோடு காஞ்சிபுரம் போகிற வழியில் இங்கே இரவு தங்கினார். மேலே காட்டு வழி, கள்ளர் பயம். நீயே எனக்குத் துணை வர வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஆயுதம் தாங்கிய வீரன் ஒருவன் வழியில் சேர்ந்துகொண்டு, காஞ்சி எல்லை வரை காவலாக வந்து காணாமல் போனான். இந்த ஊருக்குப் பக்கத்தில் இன்று சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை ஓடுகிறது. வணிகர் நடந்த திசையில்தான் லாரிகள் இரவும் பகலும் போகின்றன. அந்த லாரிகளுக்கும் அவரே துணை என்று நான் நம்புகிறேன்.

பிரயாணம் புறப்படும்போது பலர் வீட்டில் சொல்லும் மார்க்கபந்து ஸ்தோத்திரம் இந்தச் சாமியின் மேல் பாடப்பட்டது. பாடியவர் அப்பய்ய தீட்சிதர், ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்தவர், வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் ஆதரித்த பேரறிஞர். நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்ததை அடையபலம் காலகண்டேசுவரர் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஸ்தோத்திரத்தின் முதல் சுலோகமே நெற்றிக்கு மேல் தாழ்ந்து வளைந்த மகுடத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. சிறுவனுக்காகச் சாய்ந்த தலையைப் பார்த்துத்தான் தீட்சிதர் அப்படித் தொடங்கினார் என்று இங்கே பொருள் சொல்வார்கள். ஐந்தே சுலோகங்கள். சிகிச்சைக்காக அடிக்கடி வேலூருக்கு ரயில் ஏற வேண்டியவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். காட்பாடியில் இறங்கும் முன் சொல்லி முடித்துவிடலாம்.

பிரகாரம் சுற்றும்போது தென்புறத்தில் நேரம் காட்டும் கல்லைக் கண்டுபிடியுங்கள். எண்கள் செதுக்கிய கல், மேலே ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு குச்சியைப் பொருத்தினால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுவே மணி. பிள்ளைகளுக்கு இதில்தான் நெடுநேரம் போகும். போகட்டும்.

அடுத்தது சிம்ம தீர்த்தம். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிவசர்மன் பூசை செய்த அந்தக் கார்த்திகைக் கடைசி ஞாயிறுதான் இங்கே கடை ஞாயிறு திருவிழா. டிசம்பர் இரண்டாவது வாரத்தை ஒட்டி வரும். சனிக்கிழமை நள்ளிரவில், சிங்க முகம் கொண்ட இந்தக் குளத்தைத் திறப்பார்கள். குழந்தை இல்லாத பெண்கள் அதில் நீராடி, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் வந்து படுத்துக்கொள்வார்கள். கனவில் சாமி கிழவர் வடிவில் வந்து பழமோ பூவோ கொடுத்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. தகப்பனில்லாத சிறுவனின் தாய்க்குக் கனவில் வந்தவர் எங்களுக்கும் வருவார் என்று அந்த டிசம்பர்க் குளிரில் படுத்திருப்பார்கள்.

அந்த இரவில் போக நினைக்கும் புதியவர்களுக்கு மூன்று வார்த்தை. கூட்டம் மிகப் பெரியது, கைக்குழந்தையோடும் உடல்நலம் குன்றியவரோடும் அன்றைக்கு வேண்டாம். நீராடப் போகிறவர்கள் மாற்றுப் புடவையும் போர்வையும், உடன் ஒரு பெண்ணும் இல்லாமல் போகக் கூடாது. பார்க்க மட்டும் போகிறவர்கள் அங்கே படுத்திருப்பவர்களைப் படம் எடுக்கவே கூடாது, எத்தனை வருடமாகக் குழந்தை இல்லை என்று கேட்கவும் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர்கள் அங்கே வந்து படுத்திருக்கிறார்கள். மருத்துவர் சொல்லும் சிகிச்சையையும் தொடர்ந்துகொண்டுதான் பலர் வருகிறார்கள், அதை விட்டுவிட்டு வரச் சாமி யாருக்கும் சொன்னதில்லை.

சாதாரண நாளில் போகிற நீங்கள் குளக்கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டு, நடை சாத்தும் முன் அம்மன் சந்நிதிக்கும் போய்விட்டுக் கிளம்புங்கள். வேலூருக்குத் திரும்பி, சாப்பிட்டு, மூன்று மணி வரை ஓய்வு.

மாலையில் திருவலம்

தேவாரத்தில் திருவல்லம், பஸ்ஸின் பலகையில் திருவலம். இரண்டும் ஒரே ஊர். கேரளத்திலும் ஒரு திருவல்லம் இருப்பதால் செல்பேசி வரைபடத்தில் தேடும்போது வேலூர் என்று சேர்த்துத் தேடுங்கள். காட்பாடி வழியாகச் சேர்க்காட்டைத் தாண்டிப் போகும் பஸ்கள் உண்டு. காட்பாடியிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் பாசஞ்சர் ரயிலிலும் திருவலம் நிலையத்தில் இறங்கலாம்.

பொன்னை ஆற்றங்கரை ஊர் இது. ஆற்றின் பழைய பெயர் நீவா. சாமியின் அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தபோது, ஆற்றை "நீ வா" என்று சிவன் கூப்பிட்டார், அது வந்தது என்பார்கள். திருஞானசம்பந்தர் பாடிய தலம். வாணர் என்ற அரச குலத்தார் ஆண்ட காலத்தில் ஊருக்கு வாணபுரம் என்றே பெயர். சாமி வில்வநாதேசுவரர்.

கோயிலுக்குள் போனதும் நேராகக் கருவறைக்கு விரையாதீர்கள். நந்தியிடம் நில்லுங்கள். நீங்கள் இதுவரை பார்த்த நந்திகள் எல்லாம் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த நந்தி சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது.

காரணம் இது. அந்த நாளில் குருக்கள் ஒருவர் அபிஷேகத்துக்கு நாள்தோறும் கஞ்சனகிரி என்ற மலையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார். கஞ்சன் என்ற அரக்கன் வழி மறித்துத் தொல்லை கொடுத்தான். குருக்கள் சாமியிடம் முறையிட்டார். சாமி நந்தியை அனுப்பினார். நந்தி கஞ்சனைக் கிழித்து எறிந்தது. உடல் துண்டங்கள் சுற்றிலும் விழுந்தன. அவன் மறுபடி வந்துவிடுவானோ என்று அன்றிலிருந்து நந்தி அந்தத் திசையைப் பார்த்துக் காவல் இருக்கிறது.

தண்ணீர் எடுத்து வருகிற ஒரு மனிதனுக்காக, சாமியைப் பார்க்கும் பாக்கியத்தையே விட்டுக்கொடுத்த காளை இது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல், வெளியே வரிசையில் சீட்டுக்கும் மருந்துக்கும் நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இந்த நந்தி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிரதோஷ நாளில் இங்கே வர முடிந்தால் வாருங்கள்.

ஊர் பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகைச் சுற்றி வருகிறவருக்கு மாங்கனி என்ற போட்டியில் பிள்ளையார் அம்மையப்பனை வலம் வந்து கனியைப் பெற்ற இடம் இதுவே, வலம் வந்ததால் திருவலம் என்பார்கள். பழநிக் கதைதானே என்று பிள்ளைகள் கேட்டால், முருகன் கோபித்துக்கொண்டு போன பாதி அங்கே, கனி கிடைத்த பாதி இங்கே என்று என் ஆயா சொன்னதையே நீங்களும் சொல்லலாம்.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், நந்தி பார்க்கும் திசையில் நீங்களும் திரும்பி ஒரு நிமிடம் நில்லுங்கள். இருட்டுவதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவது நல்லது. காத்திருக்கும்போது இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். அரக்கனின் நெற்றி, அதாவது லலாடம், விழுந்த இடம் லாலாப்பேட்டை. சிரசு விழுந்த இடம் சீகராஜபுரம். மணிக்கட்டு விழுந்தது மணியம்பட்டு. கால்கள் விழுந்தவை வடகாலும் தென்காலும். வேலூர் மாவட்டத்தை 2019இல் பிரித்த பிறகு இந்த ஊர்களில் சில ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஊர்க்காரர்கள் கதையைப் பிரிக்கவில்லை. லாலாப்பேட்டைக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் கேட்டுப் பாருங்கள், பஸ் வருவதற்குள் முழுக்கதையையும் அவர் சொல்லிவிடுவார்.